பொலநறுவைக்கு ஏழு பக்க அட்டவணை

கிளிநொச்சியில் கலியாண அழைப்பிதழில் போட்டிருக்கும் நேரத்தை நம்பிப் போன ஒரே மனிதர் எங்கள் கந்தோர் நிமிசம் அண்ணைதான். அவர் மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது மாப்பிள்ளை தன் வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருப்பார். மண்டபத்துக்குக் கதிரைகளே வந்திருக்காது. அண்ணை பரிசுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் காத்திருப்பார்.

நாங்கள் வேலை செய்தது ஒரு நீர்ப்பாசனக் கந்தோரில். குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து எழுதுவது அவருடைய வேலை. நான் எழுதுவினைஞர். யாராவது "ஒரு நிமிசம்" என்று சொன்னால் போதும், அண்ணை மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அறுபது விநாடி போனதும், "முடிஞ்சுது, சொல்லுங்கோ" என்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் வரவுப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

போன வருடம் ஒரு சனி, ஞாயிறு வாடகை வான் வண்டி பிடித்து, பழைய அரச நகரான பொலநறுவை பார்க்கப் போவதென்று பதினொரு பேர் சேர்ந்தோம். ஒழுங்குகளை அண்ணையிடம் கொடுத்தது எங்கள் பிழை. மூன்றாம் நாள் ஏழு பக்க அட்டவணை மேசைக்கு மேசை வந்தது.

காலை 8.12 தேத்தண்ணி. 8.19 தேத்தண்ணி முடிவு. 10.40 அரச மாளிகை. 10.44 வியப்பு, ஆறு நிமிசம். 10.50 வானில் ஏறுதல்.

தபால் பிரிவுக் கமலா அக்கா இதைப் படித்துவிட்டு நேரே அவரிடம் போனார்.

"அண்ணை, ஆறு நிமிசத்திலை வியந்து முடியாட்டி என்ன செய்யிறது?"

"மிச்சத்தை வானுக்குள்ளை இருந்து வியவுங்கோ தங்கச்சி. ஜன்னல் இருக்குதுதானே."

அடுத்த வாரம் ஒத்திகை. புத்தர் சிலை உள்ள இடங்களில் செருப்பைக் கழட்டவேண்டும். பதினொரு பேர் கழட்டிப் போட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியவேண்டுமாம். கந்தோர் முற்றத்து வேப்பமரம்தான் சிலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வரிசையாக நின்று கழட்டினோம், வெறுங்காலோடு மரத்தைச் சுற்றினோம். மணல் கொதித்ததால் சுற்றியது பாதி, துள்ளியது பாதி. பொறியியலாளர் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன கோரிக்கைக்கு இந்தப் போராட்டம் என்று ஆள் அனுப்பிக் கேட்டார்.

கமலா அக்காவின் செருப்பில் மூன்று வார். கழட்ட மட்டும் ஒரு நிமிசம் நாற்பது விநாடி போனது.

"தங்கச்சி, உந்தச் செருப்பு சரித்திரத்துக்குச் சரிவராது," என்றார் அண்ணை.

புறப்படும் நாள் விடிய ஐந்து மணிக்கு எல்லோரும் வானில் இருந்தோம். கமலா அக்கா, பிந்திவிடுவோம் என்ற பயத்தில், கட்டிய சேலையோடேயே படுத்து எழும்பி வந்திருந்தார். வான் ஓடியவர் முல்லைத்தீவு முஸ்லிம் ஒருவர், எங்களுக்கு நானா. வழியில் அட்டவணையை வாங்கிப் பார்த்தவர் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார். "12.25 நானா தொழுகை. பள்ளிவாசல் பிரதான வீதியில். மற்றவர்கள் மரநிழலில்."

"இவ்வளவு காலமா வான் ஓடுறன், எனக்கெண்டு ஒருத்தரும் பள்ளி தேடி எழுதினதில்லை," என்றார் நானா. அதற்குப் பிறகு அண்ணை சொன்ன வேகத்துக்கு ஒரு கிலோமீற்றர்கூடக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

மாளிகை, சோழர் கட்டிய சிவன் கோயில், பழம்பொருள் வைத்த நூதனசாலை என்று எல்லாம் சொன்ன நேரத்துக்கே முடிந்தன. பின்னேரம் கல்லில் படுத்திருக்கும் பெரிய புத்தரிடம் போகவேண்டும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் பார்த்த நாளிலிருந்து கமலா அக்காவுக்கு அதில் ஆசை. அவர் வந்ததே அதற்குத்தான். அதற்கு முன்பு பராக்கிரம சமுத்திரம், பார்வை, நாலு நிமிசம்.

கடல்போலக் கிடந்தது குளம். அணைக்கட்டில் இறங்கிய அண்ணை நேரே மதகடிக்குப் போனார். அங்கே ஒரு வயதான சிங்களவர் கதவு திருகும் சக்கரத்துக்குக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தார். அண்ணைக்குச் சிங்களம் இருபது சொல் தெரியும். அவருக்குத் தமிழில் வணக்கமும் சாப்பாடும். இது இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது. அண்ணை இடுப்பில் கைவைத்து எங்கள் இரணைமடுக் குளம் மாரியில் எவ்வளவு நிறையும் என்று காட்டினார். சிங்களவர் தன் கழுத்தில் கைவைத்தார். அண்ணை தலைக்கு மேலே காட்டினார். பிறகு இருவரும் சக்கரத்தைப் பிடித்துத் திருகிப் பார்த்தார்கள், மறுபடி மூடினார்கள்.

ஒரு மணித்தியாலம் போனது. கமலா அக்கா கீழே இறங்கிப் போய், "அண்ணை, நேரம்" என்றார்.

"ஒரு நிமிசம் பொறுங்கோ," என்றார் அண்ணை.

அது இரண்டு மணித்தியாலமானது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது புத்தரைப் பார்க்கும் வாசலைப் பூட்டிவிட்டார்கள்.  கமலா அக்கா வானில் ஏறி முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.  அன்று தங்கிய விடுதியில் இராச்சாப்பாட்டுக்கு 7.30 என்று போட்டிருந்தது. அண்ணை சாப்பிட வரவில்லை.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் புது அட்டவணை இருந்தது. அரைப் பக்கம்தான். "7.00 கல் புத்தர். வியப்பு, கமலா தங்கச்சி போதும் என்று சொல்லும்வரை."

அக்கா ஒரு மணித்தியாலம் பத்து நிமிசம் நின்றார். அண்ணை தள்ளி நின்று, அவருடைய செருப்பைக் காவல் காத்தார். மணிக்கூட்டைக் கழட்டிச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்.

திரும்பும்போது நான் அவர் பக்கத்தில் இருந்தேன். பழைய அட்டவணையின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. "ஞாயிறு பின்னேரம் 6.30 எல்லாரும் வீட்டில்." அதன் கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு.

"இதுக்கு ஏன் அண்ணை இரண்டு கோடு?"



"பிள்ளை, சண்டைக் காலத்திலை எத்தினை தரம் வீட்டை விட்டு வெளிக்கிட்டனாங்கள். எப்ப திரும்பி வருவம் எண்டு எழுதிவைச்சிட்டு ஒருக்காலும் வெளிக்கிடேல்லை. எனக்கு உந்த ஒரு வரியை எழுதத்தான் ஆசை. மற்ற ஆறு பக்கமும் அதுக்காக எழுதினது."

கிளிநொச்சிக்கு வந்து சேர ஏழேகால். நானா ஒவ்வொருவரையும் வீட்டு வாசலில் இறக்கினார். ஒவ்வொரு வாசலிலும் அண்ணை இறங்கி நின்றார். உள்ளே லைட் எரிந்து, யாராவது வந்து கதவைத் திறக்கும்வரை வானை எடுக்க விடவில்லை. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகும் கொஞ்ச நேரம் வெளியில் வான் இரைந்துகொண்டு நிற்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.