பெண் பார்க்கப் போன வீட்டில் நான் பிடித்த கொலைகாரன்

துப்பறியும் கதை வாசகர்களில் பொய் சொல்லாதவர் குறைவு. பிடித்த எழுத்தாளர் யார் என்று கேட்டால் உடனே ஒரு பெயர் வரும். அவர் எழுதியதில் எதைப் படிக்கவில்லை என்று கேட்டால் தலைக்கு மேலே ஓடும் ஃபேனைப் பார்ப்போம். நான் ஃபேனைக்கூடப் பார்க்காமல், "ஒண்ணு விடாமப் படிச்சிருக்கேன்" என்றேன். அதுவும் பெண் பார்க்கப் போன இடத்தில்.

அப்போது மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். (அடுத்தவர் எழுதியதில் பிழை பிடிப்பதுதான் என் தொழில் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.) பெண் பெயர் செல்வி, விருதுநகர். உறவினர் கல்யாணப் பந்தியில் எதிர் வரிசையில் இருந்தவள். என் சட்டையில் ரசம் கொட்டியதைப் பார்த்துச் சிரித்தாள். அந்த நிமிடமே நான் முடிவு செய்துவிட்டேன். அவளுக்கும் சம்மதம்தான். மிச்சமிருந்தவர் அவள் அப்பா. நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். சொந்தத் தொழில் இல்லாத மாப்பிள்ளை என்று இழுத்துக்கொண்டிருந்தார். தரகர் ஒரே ஒரு வழி சொன்னார்.

"அண்ணாச்சிக்குத் துப்பறியும் கதைன்னா உசிரு. அதுலயும் மகரந்தன்னா தனி உசிரு. அங்கன பிடிங்க."

மகரந்தன் எனக்கும் பிடித்தவர்தான். கல்லூரி விடுமுறைகளில் சிவகாசியில் சித்தப்பாவின் அச்சகத்தில் வேலை பார்த்தேன். அவர் நாவல்கள் அங்கேதான் அச்சாகின. மை சரியாக விழாத தாள்களை ஒதுக்கிப் போடுவார்கள். ஒரு தாளுக்குப் பதினாறு பக்கம். அவற்றைப் பொறுக்கி, மடித்து, வரிசைப்படுத்திப் படிப்பேன். அட்டை போட்ட மகரந்தனை நான் கையில் தொட்டதே இல்லை.

பெண் வீட்டில் கேசரி வந்தது. அண்ணாச்சிக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி நிறைய மகரந்தன்.

"எதுங்க தம்பி ரொம்பப் பிடிக்கும்?"

"'மூடாத குடை'தான். நூறு பக்கம் வரைக்கும் தலையே காட்டாத தபால்காரனக் கடைசியில கொலைகாரனாக்க எம்புட்டு துணிச்சல் வேணும்! வேற யாரு செய்வா?"

அண்ணாச்சியின் கரண்டி நின்றது. "அதுல தபால்காரனே கெடையாதே. கொன்னது பங்காளி சுந்தரம்ல?"

அங்கேயே பின்வாங்கியிருக்கலாம். பத்திரிகைக்காரன் அல்லவா, ஆதாரம் கேட்டேன்.

புத்தகம் வந்தது. கடைசி அத்தியாயத்தில் சுந்தரம் விலங்கோடு நின்றான். அண்ணாச்சி 'சிவப்பு முத்திரை' என்ற இன்னொரு நாவலை எடுத்துப் பிரித்தார். என் தபால்காரன் அதன் கடைசியில் அழுதுகொண்டிருந்தான். இரண்டும் ஒரே வாரத்தில் அச்சாகியிருக்கின்றன. இரண்டிலும் அதே இன்ஸ்பெக்டர் தர்மன். பக்க எண்ணும் ஒன்றே. நான் பொறுக்கிய 'மூடாத குடை'யில் கடைசித் தாள் மட்டும் 'சிவப்பு முத்திரை'யுடையது. (அந்தத் தாள் தொடங்கும் இடத்தில் ஒரு வாக்கியம் பாதியில் அறுந்ததை எழுத்தாளரின் உத்தி என்று வேறு ரசித்திருந்தேன்.) பல ஆண்டுகளாக நான் வியந்து போற்றியது ஒரு கழிவுத்தாள் குவியலின் கற்பனையை.

உண்மையைச் சொன்னேன். என் அம்மா கேசரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதைப் புத்தகத்துலயே இம்புட்டு புளுகுனா, நாளப்பின்ன..." என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். போயிற்று என்று நினைத்தேன்.

அடுப்படி வாசலிலிருந்து செல்வியின் அம்மா குரல் வந்தது. "நீங்க மட்டும் முழுசாப் படிச்சீகளாக்கும்?"

"ஏய், சும்மா இரு."

"தம்பி, இவுக மொதல்ல கடைசி அத்தியாயத்தத்தான் படிப்பாக. கொலகாரன் யாருன்னு தெரிஞ்சதும் அலமாரில வச்சுப் பூட்டிருவாக. ஊருக்கெல்லாம் வெடி செஞ்சு அனுப்புற மனுசனுக்குத் திரி எரியுற நேரம் தாங்காது!"

உள்ளே செல்வி சிரித்தது முன்னறை வரை கேட்டது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். பிறகு என் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"அந்தச் சுந்தரம் எதுக்குத் தம்பி கொன்னான்?"

கிணற்றுப் பங்குச் சண்டையிலிருந்து தொடங்கி விலாவாரியாகச் சொன்னேன். "அட பாவி!" என்றார். காபி வந்தது. அலமாரியிலிருந்து அடுத்த நாவலும் வந்தது. நாலாவது நாவலுக்குள் அண்ணாச்சி மாமாவாகிவிட்டார். தேதி குறித்த பிறகுதான் எழுந்தோம்.

இப்போதும் தீபாவளி சீசன் முடிந்ததும் மாமனார் புது நாவல் வாங்கி, கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு எனக்கு அனுப்புகிறார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் செல்வி சொல்வது இதுதான்: "யாரு கொன்னான்னு எங்க அப்பாவுக்குத் தெரியும், எதுக்குக் கொன்னான்னு இவுகளுக்குத் தெரியும். ரெண்டு பேரையும் சேத்து உக்கார வச்சாத்தான் முழுசாப் படிச்ச ஆளு ஒருத்தர் தேறுவாரு."