கதவு பூட்டியிருந்தால் தொண்ணூற்றொன்பது

'தெரியாது' என்று சொல்வதில் தொண்ணூற்றொன்பது சாரைப் போலக் கர்வப்பட்ட மனிதர் திருச்சி ஜில்லாவிலேயே பிறந்ததில்லை. நமக்கெல்லாம் தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வதில்தான் பெருமை. அவருக்கு நேர் எதிர்.

திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் அவர் புள்ளியியல் ஆசிரியர். டாக்டர்கள் ஆராய்ச்சி செய்து கட்டுக் கட்டாகக் கொண்டுவரும் படிவங்களை நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். அவர் கணக்குப் போட்டுச் சொல்வார். நாற்பது வயதில் எனக்கு வாய்த்த முதல் உருப்படியான வேலை. அதுவும் தற்காலிகம், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருந்த என் மாமனார் மட்டும், "மாப்பிள்ளை மெடிக்கல் ரிசர்ச்ல இருக்காரு" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

முதல் நாளே எனக்குப் பரீட்சை.

"படிவத்துல பதில் இல்லாத கட்டம் வந்தா என்ன பண்ணுவீங்க ஸ்வாமி?" ஸ்ரீரங்கத்துக்காரர், பியூன் முதல் டீன் வரை எல்லோரும் அவருக்கு 'ஸ்வாமி'தான்.

"காலியா விட்டுடுவேன் சார்."

"அவங்க கேக்காம விட்டாங்களா, நீங்க அடிக்காம விட்டீங்களான்னு நான் எங்க போய்ப் பாக்கறது?"

"அப்ப சைபர் போட்டுடறேன்."

பெருமாள் சன்னதியில் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வயசு தெரியலைன்னா சைபரா? அப்பத்தான் பொறந்தாரா அந்த ஆளு? 99 போடுங்க. 99னா தெரியலைன்னு அர்த்தம். கணக்குப் போடறப்ப அதையெல்லாம் தள்ளி வச்சிடுவோம்."

இதை அவர் ஆபீஸோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். எங்கள் பியூன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையை நீட்டி, "கண்டிப்பா வந்துடுவீங்கள்ல சார்?" என்றபோது, "இப்போதைக்குத் தொண்ணூத்தொம்பது ஸ்வாமி" என்றார். பியூன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வேர்த்து விறுவிறுத்து, "அண்ணே, தொண்ணூத்தொம்பது பேரோட வராராம். பந்தி தாங்குமாண்ணே?" என்றார்.

மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்குவதைப் பார்க்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து, தாறுமாறான எண்கள் அச்சடித்த ஒரு தாளை எடுப்பார். கண்ணை மூடி விரலை வைப்பார். வந்த எண்படி கூடையில் மூன்றாவது காய், பதினேழாவது காய் என்று எண்ணி எடுப்பார்.

"சார், நீங்க வாங்கறது கத்திரிக்காயா, லாட்டரியா?" என்று கடைக்கார அம்மா கத்தும்.

"நல்லதாப் பொறுக்கி எடுத்தா, உங்க கூடை எப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்மா?"

"எங்கூடையைப் பத்தி ஒனக்கு எதுக்கு? ஒங்கொழம்பைப் பத்திக் கவலைப்படு!"

ஒருமுறை அவர் வீட்டில் சாப்பிட்டேன். ரசத்தை அங்கே சாத்தமுது என்பார்கள். மாமி ஆசையாக, "சாத்தமுது எப்படி இருக்கு?" என்று கேட்டார். "ஒரு வாய்தானே சாப்பிட்டிருக்கேன். ஒரே ஒரு சாம்பிளை வச்சுண்டு ஒண்ணும் சொல்லப்படாது" என்றார் சார்.

"முப்பது வருஷமா சாப்பிடறேளே, அது போறாதா?"

சார் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் என் திருப்பணியைச் செய்தேன். நஸ்ரின் என்று ஒரு டாக்டரம்மா, மேல்படிப்பு மாணவி. உறையூரில் ஒரு தெருவில் வீடு வீடாகப் போய், ஊறுகாயும் உப்பும் குறைத்தால் ரத்த அழுத்தம் குறையுமா என்று ஆராய்ந்தார். முதலில் ஒரு தடவை பிபி பார்த்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தார். நான் ஏற்றினேன். அவசரத்தில் சராசரியும் நானே போட்டேன். பிபி மளமளவென்று இறங்கியிருந்தது! துறைத்தலைவர் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

சார் மட்டும் மைசூர்பாகைத் தொடாமல் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்வாமி, பிபி ரொம்ப எறங்கின இந்தப் பதினோரு பேர் யாரு? எல்லாருக்கும் கரெக்டா 99 இருக்கே?"

படிவங்களை எடுத்தேன். பதினொன்றிலும் இரண்டாவது தடவைக்கு நேரே ஒரே குறிப்பு: 'வீடு பூட்டியிருந்தது.'

"அடடா!" என்றார் சார். "கதவைப் பூட்டிட்டுப் போனவங்களுக்குத்தான் பிபி அழகா எறங்கியிருக்கு. மருந்தே வேண்டாம் போலிருக்கே, ஒரு பூட்டு போதும்!"

வயது, எடை எதற்கும் போடுகிற மாதிரி பிபிக்கும் 99 போட்டிருக்கிறேன். தள்ளி வைக்கவும் மறந்திருக்கிறேன். 999 என்று போட்டிருந்தால் கண்ணைக் குத்தியிருக்கும். 99 என்பது மனுஷனுக்கு இருக்கக்கூடிய பிபி. பூனை மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

கட்டின் மேல்தாளைப் பார்த்தேன். சாரின் பென்சில் கையெழுத்து: 'பிபிக்கு மட்டும் 999 போடவும்.' அதன்மேல் வட்டமாக என் டீ கிளாஸின் கறை. ஒரு மாதமாக அதை நான் டீ கிளாஸ் வைக்கத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். சாரும் பார்த்தார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

துறைத்தலைவருக்கு விஷயம் போனது. "யாரு டைப் அடிச்சது? விசாரிச்சு, இந்த மாசத்தோட அனுப்பிடுங்க" என்று அவர் சத்தம் போட்டது வராண்டா வரை கேட்டது. மாமனாரிடம் என்ன சொல்வது என்று நான் அப்போதே மனசுக்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆய்வேட்டைக் கொடுக்கப் பத்து நாள் இருந்தது. மறுநாள் சார், டாக்டரம்மா, பிபி கருவியைச் சுமந்துகொண்டு நான், மூவரும் டவுன் பஸ்ஸில் உறையூர் போனோம். பூட்டியிருந்த முதல் வீடு இப்போது திறந்திருந்தது. டாக்டரம்மா பிபி பார்த்தார். எகிறியிருந்தது.

"ஊறுகாயை விட்டுட்டீங்களாம்மா?"

"விட்டுட்டேன் டாக்டர். அப்பளம் மட்டுந்தான். அப்புறம் கொஞ்சம் கருவாடு."

"அன்னிக்கு வந்தப்ப ஏம்மா வீட்ல இல்ல?"

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சுதான் பூட்டிட்டு எங்கக்கா வீட்டுக்குப் போயிட்டேன். நீங்க திட்டுவீங்கல்ல?"

சாருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "பாத்தீங்களா! காணாமப் போனவங்க சும்மா காணாமப் போகலை. காரணத்தோடதான் போயிருக்காங்க!" என்று தெருவில் நின்று கைதட்டினார்.

"யா அல்லாஹ், எனக்கு அழுகையா வருது, நீங்க கைதட்டறீங்களே சார்" என்றார் டாக்டரம்மா.

ஒன்பது பேர் கிடைத்தார்கள். இரண்டு பேர் கடைசி வரை கிடைக்கவில்லை. அவர்களைத் தள்ளி வைத்துக் கணக்குப் போட்டதில், பிபி இறங்கியிருந்தது, ஆனால் கொஞ்சம்தான். அதை அப்படியே எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. மைசூர்பாகு கிடைக்கவில்லை. ஆனால் பட்டம் கிடைத்தது.

மீதி இருந்தது என் கதை. சார் துறைத்தலைவர் அறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய், ஒரு கடிதத்தை மேஜைமேல் வைத்தார். 'பிபிக்கும் 99 என்று போடச் சொன்னவன் நான். அலுவலர் நான் சொன்னபடி செய்தார். தவறு முழுக்க என்னுடையது.' கையெழுத்து, தேதி எல்லாம் சரியாக இருந்தது. துறைத்தலைவர் இரண்டு முறை படித்தார். "நீங்களா சார்?" என்றார். வேலையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அவரை நிறுத்தினேன். "சார், நீங்க போய் இப்படி... அது உண்மை இல்லியே சார்."

சார் சட்டைப் பையிலிருந்து டீ கறைத் தாளை எடுத்தார். நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"லெட்டர்தானே ஸ்வாமி. டேட்டா இல்லியே."

அன்றைக்கு ஸ்ரீரங்கம் பஸ் வரும்வரை அவர் பையை நான்தான் வைத்திருந்தேன். தரமாட்டேன் என்றார், பிடுங்கிக்கொண்டேன்.