கன்னி மூலையில் ஒரு சோலார்

எனக்கு ஒரு குறை உண்டு. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் பேச்சுக்கு "சரிங்க சார்" என்று தலையாட்டுகிறவர் யாராக இருந்தாலும் அவர் பெரிய திறமைசாலி என்று நம்பிவிடுவேன். எதிர்க்கேள்வி கேட்கிறவருக்கு வேலை தெரியாது என்றும் முடிவு கட்டிவிடுவேன். இந்தக் குறையை வைத்துக்கொண்டு ஒருவர் பள்ளிக்கூடத்தில் காலம் தள்ளிவிடலாம். வீட்டுக்குச் சுடுதண்ணீர் ஏற்பாடு செய்யக் கிளம்பும்போதுதான் வினை.

நான் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். (இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி சுமதி இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பாள்.) வீடு காரிமங்கலத்தில். எட்டு வருடங்களுக்கு முன்பு வரை எங்கள் வீட்டில் விறகு போட்டு எரிக்கிற செம்பு பாய்லர்தான் இருந்தது. புகை வரும், கண் எரியும், ஆனால் தண்ணீர் கொதிக்கும். ஒரு நாள் அதன் அடிப்பாகம் ஓட்டை விழுந்து நெருப்பை அதுவே அணைத்துக்கொண்டது.

அதே சமயத்தில் என் தங்கை கல்பனா ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். சேலத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் அவளுடைய மாமியாருக்கு அதில் அரை மனசு. "அங்க வசதியெல்லாம் எப்படி இருக்குமோ, மார்கழிக் குளிரு வேற. இங்கயே வெச்சுப் பாத்துக்கறேனே" என்று அம்மாவிடம் போனில் இழுத்திருக்கிறார். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. அப்பா போன பிறகு அம்மா ஆசைப்பட்டு எதையும் கேட்டதில்லை. மகளை மூன்று மாதம் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற இந்த ஒன்றைத்தான் கேட்டார்கள்.

நான் போனை வாங்கி, "அத்தை, நான் சோலார் போடறேங்க. இருநூறு லிட்டர். குழாயத் தொறந்தா கொதிக்கக் கொதிக்க வரும்" என்றேன்.

"அப்ப சரி தம்பி. உன்னைய நம்பித்தான் அனுப்பறேன்" என்றார். கல்பனா தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, வேற எதுவும் வேணாம்னா. சுடுதண்ணி மட்டும் இருந்தா போதும்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தை ராக்கெட் விடுகிறவர்கள் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். தர்மபுரியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, குழாய் எத்தனை, டாங்கி எந்தத் தகடு, எத்தனை வருடம் வாரண்டி என்று நிரப்பினேன். சிவப்பு மை, பச்சை மை எல்லாம் உண்டு. கரண்டிலும் சூடாகிற மாதிரி ஒரு காயில் சேர்த்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னபோது, "சூரியன் இருக்கும்போது கரண்ட் எதுக்குங்க" என்று சிரித்துவிட்டு வந்தேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கத் தோன்றுகிறது.)

பொருளை முடிவு செய்தாயிற்று. பொருத்துவதற்கு ஆள் வேண்டும். இரண்டு பேர் வந்து இடம் பார்த்தார்கள்.

முதலில் வந்தவர் மாதையன். பென்னாகரத்துக்காரர், பிளம்பிங்கிலேயே தலை நரைத்தவர். மாடிக்கு ஏறி வந்தவர் டேப்பைக்கூட எடுக்கவில்லை. இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கேள்வியாகக் கேட்டார். எத்தனை பேர் குளிப்பீர்கள் (தங்கை பிரசவத்துக்கு வருகிறாள் என்று சொல்லிவைத்தேன்), போர் தண்ணீர் உப்பு எப்படி, பக்கத்து வீட்டுக்காரர் மேலே கட்டுவாரா. எனக்கு அலுப்பாக இருந்தது. கடைசியில் வடகிழக்கு மூலையைக் காட்டி, "அங்க வெச்சுரலாங்க சார். அங்கதான் நாள் பூரா வெயிலு" என்றார்.

"அது ஈசானிய மூலைங்க. அங்க பாரம் ஏத்தக் கூடாது."

நான் வாஸ்து நம்புகிறவன் கிடையாது. (ஆனால் தங்கை மாசமாக இருக்கிற நேரத்தில் எதற்குப் பரிசோதனை என்று நினைக்கிறவன்.) பாரமெல்லாம் தென்மேற்கில், அதாவது கன்னி மூலையில் இருக்க வேண்டும் என்று யார் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் மாடிப்படி அறை அந்த மூலையில்தான் இருக்கிறது, அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி. சோலாரையும் அதை ஒட்டி வடக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் பாரமெல்லாம் ஒரே இடம், சாஸ்திரத்துக்குச் சாஸ்திரம், குழாய்க்கும் நீளம் மிச்சம் என்று விளக்கினேன்.

மாதையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப ஆவணி. உச்சி வெயிலு. எங்க வெச்சாலும் காயும். மார்கழியில வெயிலு எந்தப் பக்கம் சாஞ்சு போவும்னு பாத்துருக்கீங்களா சார்?" என்றார்.

யாரிடம் என்ன கேட்கிறார் பாருங்கள். சூரியன் தெற்கே போவதையும் வடக்கே வருவதையும் படம் போட்டு நடத்துகிறவனிடம். "பார்த்துச் சொல்றேங்க" என்று அனுப்பிவைத்தேன். எங்கள் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று அவருக்கும் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவதாக வந்தவர் பிரகாஷ். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. "சார் எந்த சப்ஜெக்ட்டுங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ஃபிசிக்ஸா? அப்ப உங்களுக்கு நான் சொல்றதுக்கு என்னங்க சார் இருக்குது. நீங்க எடத்தக் காட்டுங்க, நான் வெச்சுட்டுப் போறேன்" என்றார். அந்த நிமிடமே வேலை அவருக்கு முடிவாகிவிட்டது. தெற்கு பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்ற விதியை மட்டும் அவர் விடவில்லை. அதன்படியே சோலார் தெற்கு பார்த்து உட்கார்ந்தது. அதற்கு நேர் எதிரே, இரண்டு முழம் தள்ளி, மாடிப்படி அறையின் சுவர்.

ஆவணியில் தண்ணீர் கொதித்தது. நான் குழாயைத் திறந்து ஆவி வருவதை வீடியோ எடுத்துச் சேலத்துக்கு அனுப்பினேன். பால்காரர், கேபிள்காரர், சந்தைக்கு வந்துபோகிறவர்கள் என்று கையில் அகப்பட்டவர்களை எல்லாம் மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். ஓட்டை பாய்லரைப் பாத்திரக் கடையில் போட்டு இரண்டு குண்டான் வாங்கிக்கொண்டோம்.

ஐப்பசியில் சூடு குறைந்தது. "மழை மாசம், அப்படித்தான்" என்றேன். கார்த்திகையில் சுமதி, "ஏங்க, வெதுவெதுன்னுதான் வருது. ஒருக்கா மொதல்ல வந்த அந்தப் பெரியவரக் கூட்டியாந்து காட்டலாமா?" என்றாள். குழாய் திறக்கிற நேரம் சரியில்லை என்று அவளுக்கு வெப்பக் கடத்தல் பற்றிக் கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். அவள் ஸ்டவ்வில் தண்ணீர் வைத்துக்கொண்டாள்.

மார்கழியில் கல்பனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று ஏற்பாடு. பிள்ளை பெற்றவளுக்குப் பெரியவர்கள் யாராவது இடுப்பிலும் முதுகிலும் கை பொறுக்கிற சூட்டில் அண்டா அண்டாவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கென்றே மாமியார் சேலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்துவிட்டார். "நானே ஊத்தறேன் சம்பந்தி" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். சுமதி குண்டானைக் கையில் எடுத்தாள். சோலார் இருக்கும்போது கேஸ் எதற்கு என்று அதை நான்தான் வாங்கி வைத்தேன்.

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. குழாய்ச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. மாமியார் கதவை ஒரு சாண் திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"தம்பி, தண்ணி வந்துருச்சு. சுடுதண்ணி எப்ப வரும்?"

கொஞ்சம் விட்டுப் பிடித்தால் வரும் என்றேன். விட்டுப் பிடித்தார்கள். இரண்டு பக்கெட் நிறைந்து வழிந்தது. உள்ளே கல்பனா உடம்பு முழுக்க எண்ணெயோடு முக்காலியில் உட்கார்ந்து நடுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. "பரவால்ல அத்தை, இதையே ஊத்துங்க. தாங்கிக்கறேன்" என்றாள். என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல அவமானமாக இருந்தது.

சுமதி குண்டானை அடுப்பில் ஏற்றினாள். அது காய்கிற வரை பொறுக்க முடியாமல் அடுத்த அரைமணி நேரம் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினேன். எதிர்வீட்டில் ஒரு குடம், மூன்றாவது வீட்டில் பல் தேய்க்கக் காய வைத்திருந்தது, கடைசி வீட்டில் பருப்பு வேக உலை வைத்திருந்தது என்று கேட்டுக் கேட்டு வாங்கினேன். "என்னாங்க சார், உங்க வூட்லதான் சோலார் இருக்குதே" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டார்கள். எல்லோரையும் மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டியவன் நான்தானே, கேட்கத்தான் செய்வார்கள்.

ஒருவழியாகத் தண்ணீர் ஊற்றி முடிந்தது. மாமியார் கையைத் துடைத்துக்கொண்டே மாடி ஏறினார். நானும் அம்மாவும் சுமதியும் பின்னாலேயே போனோம். வானத்தில் ஒரு துணுக்கு மேகம் கிடையாது. மாடி முழுக்க வெயில். மாடிப்படி அறையின் வடக்குப் பக்கத்தில் மட்டும் குளுகுளுவென்று ஒரு நிழல், அந்த நிழலுக்குள் பத்திரமாக எங்கள் சோலார். ஈசானிய மூலையில், வெயில் பளீரென்று அடிக்கிற இடத்தில், சுமதி ஒரு பழஞ்சேலையை விரித்துப் புளி காயப் போட்டிருந்தாள். பக்கத்தில் கொடியில் துணி.

மாமியார் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஏம்மா சுமதி, அந்த எடத்துல ஏன் புளி காயப் போட்ட?"

"அங்கதானுங்க அத்தை நாள் பூரா வெயிலு இருக்கும்."

"இத உங்க வூட்டுக்காரருக்குச் சொல்லலியா?"

"அவரு கேக்கலைங்களே."

மாமியார் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை. "தம்பி, புளிக்கு வெயிலு, சோலாருக்கு நெழலு. நல்லா வெச்சுருக்கற" என்றார். பிறகு அம்மாவிடம், "தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. பச்ச ஒடம்பு. ரெண்டு நாள் பாக்கறேன். சரியாவலைன்னா புள்ளையையும் கொழந்தையையும் நான் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றார். அம்மா கொடியில் கிடந்த குழந்தைத் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்கள். அது இன்னும் ஈரமாக இருந்தது.

பிரகாஷுக்குப் போன் போட்டேன். "நீங்க காட்டுன எடத்துலதானுங்க சார் வெச்சேன்" என்றார். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஓசூரில் வேலையாக இருக்கிறாராம், பொங்கல் முடிந்து வருகிறாராம்.

வேறு வழியில்லாமல் மாதையனைக் கூப்பிட்டேன். என்ன சொல்வது என்று ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். அவர் எடுத்த எடுப்பில், "கொழந்தை பொறந்துருச்சுங்களா சார்?" என்று கேட்டார். ஒத்திகை எல்லாம் மறந்துபோய், "தண்ணி சுடலைங்க" என்று மட்டும் சொன்னேன். மதியமே மச்சானோடு வந்து நின்றார்.

மாடியில் அவர் வானத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "எங்க வெக்கட்டுங்க சார்?"

"நீங்க சொல்ற எடத்துல வைங்க" என்றேன். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னேன் என்பது சுமதியின் கணக்கு.

அவர் சுமதியிடம் திரும்பி, "அம்மா, புளிய எடுத்துக்கறீங்களா?" என்றார்.

ஈசானியத்தில் பாரமா என்று அம்மா மட்டும் கொஞ்சம் தயங்கினார்கள். "வெயிலுக்கு ஏதுங்க சம்பந்தி பாரம்" என்று மாமியார் அதை முடித்துவைத்தார். சாயந்திரத்துக்குள் சோலார் இடம் மாறிவிட்டது. மறுநாள் முழுக்க நான் ஸ்கூலுக்கு லீவு போட்டு மாடியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். (மேகம் வந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.) அதற்கடுத்த காலையில் மாமியார் பக்கெட்டில் கையை வைத்தவர், "ஸ்ஸ்" என்று இழுத்துக்கொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தனியாகப் பஸ் ஏறினார். கல்பனா பங்குனி வரை எங்களோடு இருந்தாள்.

மாமியார் சும்மா போகவில்லை. கதையைச் சேலத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். அங்கே யாராவது வடகத்தையோ துணியையோ நிழலில் போட்டால், "மாமன் எடத்துல போட்டா எப்படிக் காயும்?" என்று ஆரம்பித்தார். அது கல்பனாவுக்குத் தொற்றி, மாப்பிள்ளைக்குத் தொற்றி, இப்போது அந்த வீட்டில் நிழல் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. நிழல் விழுகிற இடமெல்லாம் மாமன் இடம்தான். மாப்பிள்ளை வண்டி நிறுத்தக்கூட மாமன் இடம்தான் தேடுகிறார்.

அன்றைக்குப் பிறந்த மருமகளுக்கு இப்போது ஏழு வயது. போன சித்திரையில் அவளைக் கூட்டிக்கொண்டு தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். தார் உருகுகிற வெயில். கட்டைப்பையும் கையுமாக ஒரு வயதான அம்மாள் நடுவெயிலில் நின்று முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். இவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, "இங்க வாங்க, இங்க மாமா எடம் இருக்குது" என்று நிழலுக்கு இழுத்து வந்துவிட்டாள்.

அந்த அம்மாள் பையைக் கீழே வைத்தார். பெருமூச்சு விட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க எடமாங்க?" என்றார். "நல்லா குளுகுளுன்னு இருக்குது. ஒக்காந்துக்கட்டுங்களா?"

ஒக்காருங்க என்றேன்.