உறவுமுறை: ஒரே லயம்

குன்றுதோறும் குடிகொண்ட குமரன் திருவடி காக்க. பங்குனி உத்திர நன்னாளாகிய இன்று நான் எழுதப் புகுவது, டயகமப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பைப்புக்காரரைப் பற்றி. இத்தீவில் மனிதரைக் காட்டிலும் குழாய்களோடு மிகுதியாகப் பேசியவர் அவர் ஒருவரே.

மண்ணில் காதை வைத்துப் படுப்பார். "இந்தா, இங்கதான் அழுவுது" என்பார். தோண்டினால் அங்கே நீர் கசியும். கோயில் கும்பாபிஷேகத்தன்று நான் முருகன் பதிகம் பாடிக்கொண்டிருக்கையில், "பதிகம், கொஞ்சம் வாய மூடுங்க, பைப்பு என்னமோ சொல்லுது" என்று கூட்டத்தின் நடுவே அதட்டினார். அன்று முதல் தோட்டத்துக்கே நான் 'பதிகம்' ஆனேன்.

ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை அறைகளை நாங்கள் லயம் என்போம். எங்கள் லயத்தில் கடைசி அறை அவருடையது. அதை அடுத்தது என்னுடையது. இருவருக்கும் பொதுவாக ஒரு சுவர் உண்டு. வேறு உறவென்று எவரும் இல்லை.

ஒருநாள் வந்து நின்றார். "பதிகம், வயித்துல மெயின் லைன் வீங்கிருச்சுங்க."

"வாயுவா இருக்கும். பெருங்காயம் போட்டுக் குடிங்க."

அவர் என் வாங்குப் பலகையில் மல்லாந்து, தேத்தண்ணீர்க் கோப்பையை வயிற்றின்மேல் வைத்தார். கோப்பை துள்ளியது.

"வாயு தாளம் போடுமாங்க?"

கண்டி ஆஸ்பத்திரியில் டொக்டரம்மா படமெடுத்துப் பார்த்தார். வயிற்றின் பெரிய இரத்தக்குழாயான பெருநாளம் பலூனாய் வீங்கியிருந்தது. வெடித்தால் மலையிறங்குமுன் உயிர் போய்விடும். வயிற்றைக் கிழித்தால் பைப்புக்காரரின் இதயம் தாங்காது. தொடை நாளம் வழியாக மடித்த துணிக்குழாயை ஏற்றி, வீங்கிய இடத்தில் விரிக்க வேண்டும். ஆனால் அந்த வழியோ மிக ஒடுக்கம்.

பைப்புக்காரர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "அரை இஞ்சிக்குள்ள முக்கா இஞ்சி போவாதுங்க அம்மா. கொஞ்சம் சோப்பு தடவுங்க!"

டொக்டரம்மா சிரித்தார். "வழுக்குற பூச்சோட மெல்லிய குழாய் இருக்குங்க ஐயா. ஒடுங்கின இடத்தை முதல்ல பலூன் விட்டு விரிப்போம். ஆனா நாளம் கிழியவும் கூடும். சொந்தக்காரர் யாராவது கூட இருக்கணும்."

பைப்புக்காரர் முன்பே படிவத்தில் என் பெயரை எழுதியிருந்தார். உறவுமுறை என்ற இடத்தில், 'ஒரே லயம்'.

அதை வாசித்த யாழ்ப்பாணத்துத் தாதி விழித்தார். "ரெண்டு பேரும் சங்கீதமோ?"

"அவரு பாடுவாருங்க. நான் ஓட்டைய அடைப்பேன்" என்றார் பைப்புக்காரர்.

சிகிச்சைக்கூடக் கதவு மூடியது. வெளியே வாங்கில் இருந்தேன். எழுபதாண்டு நாவில் பழகிய பாடல்களில் ஓரடிகூட அன்று வரவில்லை. "கிழியாமல் காப்பாற்று" என்பதொன்றே வந்தது. நாளம் கிழியவில்லை.

வீடு திரும்பியவர் முகம் வாடியிருந்தது.

"துள்ளல் நின்னுருச்சுங்க பதிகம். படுத்தா உள்ளுக்குள்ள யாரோ கூட இருக்குற மாதிரி இருக்கும். இப்ப சத்தமே இல்ல."

மறுநாள் விடியலில் பாடும்போது, தொடையில் போடும் தாளத்தைச் சுவரில் போட்டேன். பிறகு சுவருக்கு அப்பாலிருந்து இரண்டு தட்டு.

"சுருதி ஒழுகுது பதிகம்!"

அன்று தொட்டு நாள்தோறும் அப்படியே. இன்று விடியலில் அந்தத் தட்டு வரத் தாமதித்தது. பாட்டைப் பாதியில் நிறுத்திக் காத்திருந்தேன், வந்தது.

இதை வாசிப்போர் எல்லோருக்கும், சுவருக்கு அப்பால் திருப்பித் தட்டும் ஒரு கையைக் குமரன் அருள்வானாக.