முதல் பரிசு வாங்கிய மூச்சு

மனிதன் பிறந்த நாளிலிருந்து யாருடைய அனுமதியும் இல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். இந்த ஒழுங்கீனம், என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அரசாங்கப் பட்டறையில் 2003-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஒரு முடிவுக்கு வந்தது. பட்டறையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் பென்ஷனுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது.

வந்த சர்க்குலரின் சாரம் இது: "சுவாச விழிப்புணர்வும் உடல் அசைவும் என்னும் நலத்திட்டம் வரும் திங்கள் முதல் அமலுக்கு வருகிறது. தினமும் காலை ஏழு முதல் ஏழே முக்கால் வரை சகல ஊழியர்களும் தங்கள் மூச்சைக் கவனிக்க வேண்டியது. கவனிக்கத் தவறுபவர்களின் மனுக்கள் கவனிக்கப்பட மாட்டா."

கடைசி வரிதான் எங்கள் கழுத்தைப் பிடித்தது. வீட்டுக்காரர் சூர்யநாராயணனுக்கு ஆஸ்துமா. வேலையோ பதினோரு வருஷமாகப் பெயின்ட் ஷெட்டில். லாரிகளுக்குப் பச்சைப் பெயின்ட் பீய்ச்சி அடிக்கிற இடம். சாயங்காலம் புனே தாபோடியில் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நிற்பார். அவர் வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே அவருடைய இழுப்புச் சத்தம் வந்து சேர்ந்துவிடும். "இடத்தை மாத்துங்க, இல்லாட்டி ஆளை மறந்துடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டோர் பிரிவுக்கு மாற்றல் கேட்டு மனுக் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

முதல் நாள் அவரே வகுப்புக்குப் போனார். சொல்லித்தர வந்தவன் ஷ்ரேயஸ் என்கிற கோயம்புத்தூர்ப் பையன். விமான் நகரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவன். ஏதோ மலைமேல் போய்ப் பத்து நாள் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்தானாம். இறங்கி வந்ததிலிருந்து பேச்சை நிறுத்தவில்லை. ஹாலில் நல்ல அதிர்வு வேண்டும் என்று ஐந்து கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தினான். பத்தாவது நிமிஷம் என் வீட்டுக்காரரைத் தூக்கிவந்து வராந்தாவில் போட்டார்கள்.

"மூச்சு முட்டிய காரணத்தால் மூச்சைக் கவனிக்கவில்லை. ஆஜர் இல்லை" என்று எழுதிவிட்டார் பெரிய கிளார்க் கோவிந்தராஜன். அவரும் எங்களைப் போல வேலூர்ப் பக்கம். அந்த உரிமையில் ஆபீஸுக்கே போய்க் கேட்டேன்.

"ஏண்ணே, மூச்சுத் திணறுற மனுஷன் அந்தப் புகையில எப்படிண்ணே உக்காருவாரு?"

"அவருக்காகத்தாம்மா வகுப்பே. முக்கால்வாசி நாள் ஆஜர் இல்லேன்னா மனு மேல போகாது."

"வந்தாருன்னா ஆளே மேல போயிடுவாரே!"

கோவிந்தராஜன் இரக்கப்பட்டார். சர்க்குலரைப் புரட்டினார். "ஊழியர் அல்லது அவர் குடும்பத்தினர்னு போட்டிருக்கு, சரசா. நீ வந்து உக்காரு. ஆனா எழுதறது அவர் பேர்லதான். ரிஜிஸ்டர்ல ஊழியருக்குத்தான் நம்பர் உண்டு. பொண்டாட்டிக்கு ஏது நம்பர்?"

"என் மூச்சை அவர் மூச்சுன்னு எழுதலாமா?"

"ரெண்டு பேருக்கும் ரேஷன் கார்டு ஒண்ணுதானே? அப்புறம் என்ன?"

இதற்கு மேல் சட்டம் பேச எனக்குத் தெரியவில்லை. மறுநாள் ஐந்து மணிக்கே எழுந்து சமைத்து, அவருக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிவைத்துவிட்டு, ஆறு பேர் உட்காரும் ஆட்டோவில் பதினோராவது ஆளாகத் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஹாலில் அறுபது பேர். அதில் ஐம்பது பேர் புடவை கட்டியிருந்தார்கள். முதல் வரிசையில் கோவிந்தராஜன் சம்சாரம் வனஜா.

"அண்ணன் வரலையாக்கா?"

"அவருக்கு எங்கடி நேரம்? வகுப்புக்கு வராதவங்க லிஸ்ட் எழுதணுமே!"

ஷ்ரேயஸ் கண்ணை மூடிக்கொண்டான். "ஆன்ட்டி, மூச்சை மாத்தாதீங்க. சும்மா வாட்ச் பண்ணுங்க."

"அது என்ன தம்பி, அடுப்புல வச்ச பாலா? பொங்கிடுமேன்னு பாத்துக்கிட்டே இருக்க?"

"வாவ்! அதேதான் ஆன்ட்டி. பால்!"

மறுநாளிலிருந்து எல்லோருக்கும் அதையே போதித்தான். மூச்சு என்பது பால். நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

பிறகு உடல் அசைவு. குனிந்து தரையைத் தொட வேண்டும். தோளைச் சுழற்ற வேண்டும். மூன்று மாடிக்குத் தண்ணீர் தூக்கிவிட்டு, வாளி நிறையத் துணியைக் கும்மிப் பிழிந்துவிட்டு வந்த ஐம்பது பெண்களுக்கு, லிஃப்டில் ஏறி இறங்குகிற பையன் உடம்பை அசைக்கக் கற்றுக்கொடுத்தான். "உடம்பு என்ன சொல்லுதுன்னு கேளுங்க ஆன்ட்டி" என்பான். என் உடம்பு சொன்னதை அவனிடம் சொல்லியிருந்தால் அழுதிருப்பான்.

மூன்றாம் மாதம் பட்டறையின் மேலதிகாரியான பெரிய சாகேபுக்கு ஒரு சங்கடம் வந்தது. மூச்சைக் கவனித்தோம் என்று டெல்லிக்கு எழுதினால், எவ்வளவு என்று கேட்பார்கள். ஆகவே மூச்சை அடக்கும் பரீட்சை வைத்தார்கள். ஷ்ரேயஸ் கடிகாரத்தோடு நின்றான்.

எனக்கு அது பெரிய வித்தை இல்லை. வீட்டுக்காரருக்கு இழுப்பு வந்தால் அடுத்த மூச்சு வருமா வராதா என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். பதினோரு வருஷப் பழக்கம். ஒரு நிமிஷம் பன்னிரண்டு வினாடி தாங்கினேன்.

முதல் பரிசு, சூர்யநாராயணன், பெயின்ட் ஷெட். இரண்டாம் பரிசு, கோவிந்தராஜன். மேடைக்கு மூன்றே படி. என் வீட்டுக்காரர் நடுப்படியில் நின்று நிதானித்து ஏறினார். சாகேப் கையைக் குலுக்கி, "ரகசியம் என்ன?" என்று கேட்டார். இவருக்கு இழுத்ததில் பதில் வரவில்லை. "பாருங்கள், இப்போதும் மூச்சைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறார்!" என்றார் சாகேப். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் மூச்சு அல்லவா?

மறு வாரம் மனுவுக்குப் பதில் வந்தது. "மேற்படி ஊழியர் ஆஸ்துமா என்கிறார். ஆனால் பட்டறையிலேயே நீளமான மூச்சு அவருடையது என ரிஜிஸ்டர் தெரிவிக்கிறது. இத்தகைய நுரையீரலை ஸ்டோரில் வைத்து வீணாக்குவது பொதுநலனுக்கு விரோதமானது. எனவே அவர் பெயின்ட் ஷெட்டிலேயே நீடிப்பார்."

ஓடினேன். "அண்ணே, அது என் மூச்சுண்ணே!"

"கத்தாதே. உன் மூச்சுன்னா அவருக்கு ஒருநாள்கூட ஆஜர் இல்லே. மனுவே செல்லாது."

"அப்ப என்னதான் வழி?"

குரலைத் தாழ்த்தினார். "ஜனவரியில மறு பரீட்சை இருக்கு. மூணு வினாடியில விட்டுடு. மூச்சு குறைஞ்சு போச்சுன்னு நானே நோட் போடறேன்."

மூன்று மாதம் அந்த மூன்று வினாடிக்காகக் காத்திருந்தேன். மனசு தாங்காமல் வனஜாவிடம் மட்டும் சொன்னேன். அவள் யாரிடமும் சொல்லாதே என்று எல்லோரிடமும் சொன்னாள். எந்த வீட்டில்தான் மனு இல்லை? தூசி பறக்கும் ரெக்கார்டு ரூமை விட்டு மாற்றல் கேட்டுக் கோவிந்தராஜனே ஒரு மனு வைத்திருந்தாராம்.

ஜனவரியில் ஷ்ரேயஸ் கடிகாரத்தை அமுக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. ஐம்பது பேரும் ஒன்றாகப் புஸ்ஸென்று விட்டோம். அந்தப் பையன் கடிகாரத்தை உதறி உதறிப் பார்த்தான்.

மறு வாரம் சாயங்காலம், புது உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர் எங்கள் மாடிப்படியில் நின்றார். நான் வாங்கிப் படித்தேன். "ஊழியர்களின் மூச்சு கவலைக்கிடமாகக் குறைந்துள்ளது. ஆகையால் வகுப்பு இரண்டு மணி நேரமாக உயர்த்தப்படுகிறது. மூச்சு பழைய நிலைக்குத் திரும்பும் வரை எவருடைய மனுவும் பரிசீலிக்கப்பட மாட்டாது."

கைப்பிடியைப் பற்றியபடி அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அடுத்த மூச்சு வரவில்லை. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் வந்தது, அதோடு பேச்சும் வந்தது.

"ரெண்டு மணி நேரம்னா... சரசா... என் டப்பாவை எப்பக் கட்டுவே?"