செபஸ்தியம்மாள் டீச்சரின் ஆட்சேபம்

"இனிமே நீங்க இம்புட்டுத் தூரம் வெயில்ல நடந்து வர வேணாம் டீச்சரம்மா," என்றார் முகமது பாரூக். "மிச்சமிருக்கிற பாகத்துக்கெல்லாம் சேத்து இப்பவே கையெழுத்தப் போட்டுக் குடுத்துருங்க. சோலி முடிஞ்சுது."

செபஸ்தியம்மாள் டீச்சர் திறந்த பேனாவை மறுபடி மூடினாள்.

பாரூக் தோல் வியாபாரத்தை விட்டுவிட்டு சினிமாவுக்கு வந்தவர். திண்டுக்கல்லில் ஒரு பழைய நாடகக் கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்து, மேடையின் முன்னால் ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, படம் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் 'செவ்வாய்க் கிரகச் சிறை' என்று பதினைந்து பாகத்தில் ஓர் இங்கிலீஷ் தொடர் படத்தைப் பிடித்து வந்தார். சனிக்கிழமை மத்தியானம் வாரம் ஒரு பாகம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மலிவு டிக்கெட்டில். சாயங்காலம் அதே பாகம் பெரியவர்களுக்கு.

பெண்கள் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை செபஸ்தியம்மாள் லேசில் மசியவில்லை. "முதல்ல நான் பார்ப்பேன். அப்புறம்தான் பிள்ளைகளை அனுப்புவேன்," என்று சொல்லிவிட்டாள். அதனால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் ஒருத்திக்காக மட்டும் ஒரு காட்சி நடந்தது. பார்த்து முடித்ததும் சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுப்பாள். 'கதாநாயகன் பொய் சொல்வதில்லை. எல்லாக் காரியத்தையும் வலது கையாலேயே செய்கிறான். மாணவிகள் பார்க்கலாம்.' பாரூக் அதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டுவார்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த சங்கதி. தெரியாத சங்கதி ஒன்று உண்டு. டீச்சருக்கு அந்தப் படத்தின் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது.

வயது நாற்பத்தொன்பது. மரியநாதபுரத்தில் ஒண்டிக்கட்டையாகக் குடியிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டால், மறுநாள் காலை மணி அடிக்கும்வரை அவள் பேச ஒரு வாய் கிடையாது. சாப்பிட்டாயா என்று கேட்கவும் ஆள் கிடையாது. வத்தலக்குண்டில் இருக்கும் தங்கை கிறிஸ்துமசுக்கு ஒரு கார்டு போடுவாள், அவ்வளவுதான். இப்படிப்பட்டவள் முன்னால், ராக்கெட்டில் தன்னந்தனியாக அந்நிய கிரகத்தில் போய் விழுந்த கேப்டன் பார்க்கர் வந்து நின்றான். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் அவன் வயர்லெஸ்சைப் பிடித்துக்கொண்டு, 'யாராவது இருக்கிறீர்களா? கேட்கிறதா?' என்று பூமியைக் கூப்பிடுவான். பதில் வராது. டீச்சருக்குக் கண் கலங்கிவிடும்.

மத்தியானம் பிள்ளைகளோடு பார்க்கலாமே என்றால், அப்போது அவள் கையில் பிரம்போடு திரையைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சாயங்காலக் காட்சிக்குப் போனாலோ, தலைமையாசிரியை ராக்கெட் சண்டை பார்க்கிறாள் என்ற சேதி அடுத்த பஸ்ஸிலேயே நத்தம் போய்ச் சேர்ந்துவிடும்.

அது மட்டுமா? காலைக் காட்சியில் அவள் பேசலாம். கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருக்கும் பழனியம்மாளை, "பெருக்கினது போதும், வெளியே போம்மா," என்று விரட்டுவாள். அவளும் விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடைப் பக்கமாய்ப் போய்விடுவாள். ஆபரேட்டர் மேலே மிஷின் சத்தத்தில் கிடப்பான். கதவைச் சாத்தியதும் டீச்சர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்துக்கொள்வாள். இங்கிலீஷ் வாக்கியம் காதில் விழுந்தால் உடனே தமிழில் சொல்லிவிடுவது இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்திய பழக்கம்.

"ராணி சொல்றா, நீ எங்க கிரகத்துக்கு எதுக்கு வந்தேன்னு. இவன் சொல்றான், வழி தவறி வந்துட்டேன்னு. ஏலே பார்க்கர், நம்பாதே! பின்னாடி பாரு, பின்னாடி!"

ஒருதரம் அரக்கன் பாய்ந்தபோது, ராணி போட்ட கூச்சல் அச்சாக "அடியாத்தி!" என்றே டீச்சருக்குக் கேட்டது. பயம் வந்துவிட்டால் எல்லாக் கிரகத்திலும் ஒரே பாஷைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் பாரூக் இப்போது உலை வைத்தார்.

"அதெப்படி மொத்தமாக் கையெழுத்துப் போடுறது?" என்றாள் டீச்சர். அவசரத்துக்கு வாயில் வந்ததைச் சொன்னாள். "இன்னைக்குப் பார்த்த நாலாம் பாகத்திலேயே ஒரு ஆட்சேபம் இருக்கு. ராணி கையில்லாத ரவிக்கை போட்டிருக்கா."

"அங்கிட்டு என்ன வெக்கையோ டீச்சரம்மா!"

"வெக்கையோ குளிரோ, வெட்டணும். இனிமே ஒவ்வொரு பாகத்தையும் ரொம்பக் கவனமாப் பாக்கணும்."

ஆபரேட்டர் கத்தரியை எடுத்து ராணியை வெட்டினான். ராணியோடு சேர்ந்து இன்னொன்றும் போயிற்று. கையில்லாத ரவிக்கை போட்ட அந்த ராணிதான் பார்க்கரிடம் சிறைச்சாவியைக் கொடுக்கிறாள்.

மத்தியானக் காட்சியில் பார்க்கர் சிறைக்குள் இருந்தான். கண் மூடித் திறப்பதற்குள் வெளியே ஓடிக்கொண்டிருந்தான். வேறு ஊராக இருந்தால் பிள்ளைகள் கைதட்டியிருக்கும். திண்டுக்கல்லில் பாதிப் பிள்ளைகள் பூட்டுப் பட்டறை வீட்டுப் பிள்ளைகள்.

"சாவி எங்கடி?" என்று ஒரு குரல் கிளம்பியது. "சாவி எங்க? சாவி எங்க?" என்று கொட்டகை முழுக்கப் பிடித்துக்கொண்டது. இரண்டு பெஞ்சுக்குக் கால் முறிந்தது.

திங்கட்கிழமை காலை ஆண்டிச்சாமி பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். சொந்தமாகப் பூட்டுப் பட்டறை, பெற்றோர் சங்கத்துக்குத் தலைவர், முறுக்கு மீசை.

"எம்மக ரெண்டு நாளாச் சோறு திங்கல. சாவியில்லாமப் பூட்டு எப்படித் தொறந்துச்சுன்னு என்னைப் போட்டுக் கொல்றா. நம்ம ஊருல வச்சா இப்படி ஒரு படம் காட்டுறது? தொழிலுக்கே அசிங்கம் டீச்சரம்மா!"

"பூட்டு நல்ல பூட்டுதாங்க," என்று டீச்சர் சமாதானம் சொன்னாள். "சாவி குடுக்கிற காட்சி இருக்கு. அது பிள்ளைகள் பார்க்கக்கூடாத காட்சி. அதனால நான்தான் வெட்டச் சொன்னேன்."

மீசையை முறுக்கிக்கொண்டிருந்த ஆண்டிச்சாமியின் கை நின்றுவிட்டது. "பார்க்கக்கூடாத காட்சியா?"

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தீயாய்ப் பரவிவிட்டது. நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றி வந்தவர்கள்கூட வேனை நிறுத்தி, அந்தப் படம் எங்கே ஓடுகிறது என்று விசாரித்தார்கள். பாரூக் சும்மா இருப்பாரா? 'தலைமையாசிரியை ஆட்சேபித்த படம்! பெரியவர்களுக்கு மாலைக் காட்சி, வெட்டாமல்!' என்று ஆள் உயரத்துக்கு ஒரு தட்டி வைத்து, வெட்டிய துண்டை மறுபடி ஒட்டி ஓட்டினார். கூட்டம் அலைமோதியது. ராணியின் முழங்கையைப் பார்த்துவிட்டு, இதற்கா இத்தனை பாடு என்று வைதுகொண்டே போனார்கள்.

"மாஷா அல்லா!" என்று பாரூக் கைகூப்பினார். "வாரத்துக்கு ஒரு ஆட்சேபம் சொல்லுங்க டீச்சரம்மா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

டீச்சர் பயந்துபோனாள். ஐந்தாம் பாகத்திலிருந்து எட்டாம் பாகம் வரைக்கும் மூச்சு விடவில்லை. ஒரு குறையும் இல்லை, வலது கை, மாணவிகள் பார்க்கலாம் என்று எழுதித் தள்ளினாள். அதுவும் வினையாய் முடிந்தது.

"நாலாவது வாரம் கெட்டுப்போன படம் அஞ்சாவது வாரம் எப்படித் திருந்தும்?" என்று பெற்றோர் சங்கத்தில் ஆண்டிச்சாமி கேட்டார். "டீச்சரம்மா மேல சந்தேகம் இல்ல. ஆனா ஒண்டியா ஒரு பொம்பள என்னத்தக் கண்டுபிடிக்க முடியும்? இனிமே கமிட்டியா ஒக்காந்து பாப்போம்."

ஒண்டியா என்ற அந்தச் சொல் டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது.

ஒன்பதாம் பாகத்துக்கு ஐந்து ஆம்பளைகள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். டீச்சருக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி. படம் ஓட ஆரம்பித்தது. பார்க்கர் குகைக்குள் நுழைந்தான். அவனுக்குப் பின்னாலேயே அரக்கனும் நுழைந்தான். டீச்சருக்கு நாக்கு துடித்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். யாருக்கும் ஒரு வார்த்தை இங்கிலீஷ் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் யாருக்கும் மனசில்லை.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. குகைக்கதவில் தொங்கிய பெரிய பூட்டைப் பார்க்கர் துப்பாக்கியால் சுட்டான். பூட்டு தூள் தூளாய்ச் சிதறியது.

ஆண்டிச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "பூட்டச் சுடுறான்யா! நிப்பாட்டுங்க படத்த!"

படம் நின்றது. அங்கேயே, அந்த நிமிஷமே, இந்தப் படத்தை மாணவிகளுக்குக் காட்டக்கூடாது என்று தீர்மானம் எழுதினார்கள். பூட்டுக்காரர்கள் யாரும் சாயங்காலக் காட்சிக்கும் போவதில்லை என்று கூட ஒரு வரி சேர்த்தார்கள்.

"டீச்சரம்மா என்ன சொல்றீக?" என்று ஆண்டிச்சாமி கேட்டார்.

எனக்குப் பிடிச்சிருக்கு, எனக்கு வேறே யாரும் இல்லை என்று சொல்லத்தான் செபஸ்தியம்மாள் எழுந்தாள். ஐந்து முகத்தையும் பார்த்தாள். "தீர்மானத்தை வழிமொழிகிறேன்," என்றாள். கையெழுத்தும் போட்டாள். வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் கால் அவளைக் கேட்காமல் கொட்டகைக்கு வந்துவிட்டது. வாசலில் படப்பெட்டியை ரயிலுக்குப் போகத் தயாராய்க் கட்டி வைத்திருந்தார்கள்.

"என்ன செய்யிறது டீச்சரம்மா," என்றார் பாரூக். "பூட்டுக்காரங்களப் பகைச்சுக்கிட்டு இந்த ஊருல கொட்டகை நடத்த முடியுமா? வாசப்பூட்டே அவுக குடுத்ததுதான். பொட்டிக்கு வண்டி கூட்டிட்டு வாரேன், செத்த நேரம் உள்ள ஒக்காருங்க."

உள்ளே போய் இரண்டாவது வரிசையில் அதே இடத்தில் உட்கார்ந்தாள். எதிரே வெறும் வெள்ளைத் துணி. பார்க்கர் எங்கே கிடக்கிறானோ, யாரைக் கூப்பிடுகிறானோ. இனி அடுத்த சனிக்கிழமை வரும், அதற்கடுத்த சனிக்கிழமையும் வரும், பேசத்தான் ஆள் இருக்காது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பழனியம்மாள் பெருக்கிக்கொண்டே பக்கத்தில் வந்தாள். வெளியே போம்மா என்று பழக்கத்தில் சொல்ல வந்த டீச்சர், வெளியே அனுப்பி என்ன ஆகப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டாள்.

"பொட்டி போகுதாமே டீச்சரம்மா?" என்றாள் பழனியம்மாள்.

"ஆமா, போகுது."

"அப்ப அந்த நொட்டாங்கைக்காரன் கதி என்னாகும்?"

"எந்த நொட்டாங்கைக்காரன்?"

"அதான், பார்க்கரு. பாவம், கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போச்சு அவனுக்கு."

வாத்தியார் புத்தி எங்கே போகும்? டீச்சர் கண்ணீரோடேயே திருத்தினாள். "அவன் வலது கைக்காரன்மா. எட்டு வாரம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

பழனியம்மாள் பெருக்குவதை நிறுத்திவிட்டு, விளக்குமாற்றால் அந்த வெள்ளைத் துணியைக் காட்டினாள்.

"தெரைக்கு அங்கிட்டு ஒக்காந்து பாத்தா நொட்டாங்கைதான் டீச்சரம்மா. அது கெடக்கட்டும், எட்டு வாரமும் எனக்கு அம்புட்டு வெளக்கமாத் தமிழ்ல சொல்லிட்டு, போன வாரம் மட்டும் ஏன் ஒரு வார்த்தை பேசல? எம்மேல என்ன கோவம்?"