ரன்னிங் வடை

ஓடும் வண்டிக்கு வடை விற்பதில் எங்கள் ‘ரன்னிங் வடை’யை மிஞ்ச இந்தப் பூமியில் ஆள் பிறக்கவில்லை, பிறந்தாலும் அவருக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காது.

சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணைக்குப் போகும் பட்டாசுக் கம்பெனி வேன் காலையில் வழியில் எங்கேயும் நிற்காது. கேட் சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டும். இவரோ மொபெட்டின் முன்னால் வடைச் சட்டியைக் கட்டிக்கொண்டு, வேனுக்குப் பக்கத்திலேயே அதே வேகத்தில் வருவார். சன்னல் வழியாக வடை உள்ளே வரும். காசு வெளியே போகும்.

“ஏலே, சாகப்போறியாலே!” என்று டிரைவர் அண்ணாச்சி கத்துவார்.

“நீங்களும் நானும் நின்னுக்கிட்டுதான இருக்கோம் அண்ணாச்சி. ரோடுதான் ஓடுது!”

இயற்பியல் படித்துவிட்டு அந்தக் கம்பெனியில் பில் போட்டுக்கொண்டிருந்த நான், சன்னலோரம் உட்கார்ந்து சிரித்துவிட்டேன். அத்தோடு அவர் விட்டிருந்தால் சரி. அதே தைரியத்தில் எதிரே வந்த வேனுக்கும் ஒருநாள் வடையும் சட்னியும் கட்டிய பொட்டலத்தை நீட்டினார். அது சைடு கண்ணாடியில் மோதிச் சிதறியது. சரவெடி செய்கிற வட்டாரத்தில் சட்னி வெடித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் என் சன்னலுக்கு வந்து புலம்பினார். “நான் மெதுவாத்தாங்க நீட்டுனேன். எப்படி அம்புட்டு வேகமா அடிச்சுச்சு?”

“ஒரே பக்கமாப் போனா ஒருத்தர் வேகத்துல இன்னொருத்தர் வேகத்தக் கழிக்கணும். எதிர எதிர வந்தா கூட்டணும். உங்க முப்பதும் அவுக நாப்பதும் சேந்து எழுபதா அடிச்சிருக்கு.”

“எழுபதா! வடை தாங்குமா?”

அன்றிலிருந்து மற்ற சன்னல்களில் அவசர வியாபாரம். என் சன்னலில் மட்டும் கம்பெனி வரைக்கும் பேச்சு. சட்னி, மழை, இருக்கன்குடிக் கோயில் கூட்டம் என்று எல்லாம் பேசுவார். பேச வேண்டியதை மட்டும் பேசமாட்டார். எனக்கும் அவரைப் பிடித்துப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து என் ஐயா, சிவகாசி மாப்பிள்ளை ஒருவரைப் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் காலை, இவர் வழக்கம்போல் பக்கத்தில் வந்து, “இன்னைக்குத் தேங்கா கொஞ்சம் முத்தல்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இங்க பாருங்க. இப்படி ஒரே வேகத்துல கூடவே வந்துக்கிட்டிருந்தா நமக்கு நடுவுல இருக்க இடைவெளி ஆயுசுக்கும் கொறயாது. நாளைக்கு என்னையப் பொண்ணு பாக்க வாராக. ஐயா இப்ப வீட்டுலதான் இருக்காக!”

வேனில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. மொபெட் அரைவட்டம் அடித்து, வந்த வழியே பறந்தது.

“பய ஓடிட்டான் தாயி” என்றார் டிரைவர் அண்ணாச்சி. எனக்கு அன்றைக்கு ஒரு பில்லும் சரியாக வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், ஐயா தலைமுடியெல்லாம் பறந்து குத்திட்டு நிற்க, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலையில் வந்த ‘ரன்னிங் வடை’யை நாற்காலியில் உட்காரவைத்தால் அவருக்கு வார்த்தையே வரவில்லையாம். ஐயாவை மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டு, இருக்கன்குடி ரோட்டில் போய்க்கொண்டே பெண் கேட்டிருக்கிறார்.

“நீங்க என்ன சொன்னீக?” என்று பதறினேன்.

“ஓடுற வண்டியில ஒக்காந்துக்கிட்டு எப்படித்தா மாட்டேன்னு சொல்லுறது?” என்ற ஐயா, கொஞ்சம் பொறுத்து, “நல்ல பயதான். பள்ளம் வந்தா எனக்காக மெதுவாப் போனான்” என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவர் மாறவில்லை. மனதில் ஏதாவது இருந்தால், “வா, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்” என்று வண்டியை எடுப்பார். நானும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஏறிக்கொள்வேன். அவர் சொல்ல வந்ததைச் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, அந்த முதுகில் சாய்ந்துகொண்டு போவது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.